கேம் நியூட்டனுக்கு ஒரு நியாயம், பெய்டன் மேனிங்குக்கு ஒரு நியாயமா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் தோற்றதும் கறுப்பின வீரர் கேம் நியூட்டனைத் 'தோல்வியைத் தாங்கத் தெரியாதவர்' என்று ஊடகங்கள் கிழித்துத் தொங்கவிட்டன. வெள்ளையினத்தவரான பெய்டன் மேனிங் தோற்றபோது எதிரணிக்குக் கைகூடக் கொடுக்காமல் போனார். அதற்கு இவ்வளவு சத்தம் எழவில்லை. இது நிறவெறி தானே?

பதில்:

பாரபட்சம் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் நிறம் ஒன்றுதான் காரணம் என்றால் அது பாதிக் கதை. இருவரும் செய்தது ஒரே தவறில்லை என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2010 பிப்ரவரி 7, மயாமி. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் 31, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 17. கடைசி மூன்று நிமிடம் சொச்சம் இருக்கையில் கோல்ட்ஸின் மேனிங் எறிந்த பந்தை செயின்ட்ஸின் ட்ரேசி போர்ட்டர் பறித்து, 74 கெஜம் ஓடி டச் டவுன் போட்டார், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்த்தார். ஆட்டம் முடிந்ததும் மேனிங், செயின்ட்ஸின் ட்ரூ ப்ரீஸுக்குக் கைகொடுக்காமல் உள்ளே போய்விட்டார். பிறகு செய்தியாளர்கள் முன் வந்து வழக்கம்போல நிதானமாகப் பதில் சொன்னார்.

2016 பிப்ரவரி 7, சான்டா கிளாரா. டென்வர் ப்ராங்கோஸ் 24, கரோலினா பாந்தர்ஸ் 10. கரோலினாவின் நியூட்டனை 6 முறை பந்தோடு வீழ்த்தினார்கள். டென்வரின் வான் மில்லர் இரண்டு முறை கையிலிருந்தே பந்தைத் தட்டிவிட்டார், இரண்டும் டச் டவுனில் போய் முடிந்தன. ஆனாலும் ஆட்டம் முடிந்ததும் நியூட்டன் களத்திலேயே, அப்போது டென்வருக்கு ஆடிய மேனிங்கிடம் போய், சிரித்த முகத்தோடு கைகொடுத்து வாழ்த்தினார். சறுக்கியது அதற்குப் பின்தான். தலையில் ஹூடி, ஒற்றைச் சொல் பதில்கள், சுமார் மூன்று நிமிடத்தில் எழுந்து வெளியேறிவிட்டார். பக்கத்திலேயே, வெறும் திரைத் தடுப்புக்கு அந்தப்புறம், டென்வரின் க்ரிஸ் ஹாரிஸ் தாங்கள் நியூட்டனை எப்படி மடக்கினோம் என்று விளக்கிக்கொண்டிருந்தது அவர் காதிலும் விழக்கூடிய தூரம்தான். தோற்றவரையும் ஜெயித்தவரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்த ஏற்பாட்டைப் பற்றி அன்றிரவு பேசியவர்கள் குறைவு.

ஆக, எதிராளிக்குச் செய்ய வேண்டிய மரியாதையை நியூட்டன் செய்தார், மேனிங் செய்யவில்லை. செய்தியாளருக்குச் செய்ய வேண்டியதை மேனிங் செய்தார், நியூட்டன் செய்யவில்லை. விளையாட்டுப் பண்பு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள் பார்த்தால் முதலாவதுதான் பெரிது. ஆனால் தீர்ப்பு எழுதுகிறவர் செய்தியாளர். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, இங்கே உடைந்தது யார் வீட்டுக் குடம் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். கைகுலுக்காமல் போனால் செய்தியாளருக்கு நஷ்டம் எதுவும் இல்லை, சொல்லப்போனால் ஒரு நல்ல படம் கிடைக்கும். பேசாமல் போனால் அன்றைய கட்டுரைக்கு மேற்கோள் இல்லை. அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். விதிப்படி வீரர் ஊடகத்திடம் பேசியாக வேண்டும் என்பது உண்மை. பேச மறுத்ததற்கு மார்ஷான் லிஞ்ச் என்ற வீரரிடம் 2014இல் ஒரு லட்சம் டாலர் வசூலித்தார்கள். ஆனால் அது வேலை ஒப்பந்தம் சார்ந்த கடமை. அதை மீறியவரை 'கடமை தவறினார்' என்று எழுதலாம், 'பண்பில்லாதவர்' என்பது வேறு குற்றச்சாட்டு.

இனி நிறம். அந்த சீசன் முழுக்க நியூட்டன் டச் டவுன் போட்டதும் ஆடிய 'டேப்' (dab) நடனம் பலருக்கு உறுத்தலாக இருந்தது. 2015 நவம்பரில் டென்னசியைச் சேர்ந்த ஒரு தாய், இதைப் பார்க்கும் தன் மகளுக்கு என்ன சொல்வது என்று நியூட்டன் அணியின் ஊரான சார்லட்டின் நாளிதழுக்குக் கடிதமே எழுதினார். கறுப்பின குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) என்பதால் தன்னைப் பார்த்துச் சிலர் மிரள்கிறார்கள் என்று இறுதிப்போட்டிக்குச் சில நாள் முன்பு நியூட்டனே சொன்னார். அதாவது 'திமிர் பிடித்தவன்' என்ற சட்டை முன்கூட்டியே தைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்த மூன்று நிமிடத்தில் மாட்டிவிட்டார்கள். முன்னாள் வீரர் பில் ரொமனோவ்ஸ்கி ட்விட்டரில் அவரை 'பையா' (boy) என்று குறிப்பிட்டு, பிறகு அதை நீக்கி மன்னிப்புக் கேட்டார். வளர்ந்த கறுப்பின ஆணை அப்படி அழைப்பது அமெரிக்காவில் அடிமைமுறைக் காலத்திலிருந்து வரும் இழிவு.

அதேசமயம், நியூட்டனைக் கடுமையாகச் சாடியவர்களில் முன்னாள் வீரர் டியான் சாண்டர்ஸும் உண்டு, அவரும் கறுப்பினத்தவர். இன்னொரு பக்கம், 2008 சூப்பர் பவுலில் ஒரு விநாடி மீதியிருக்கும்போதே களத்தை விட்டுப் போன வெள்ளையினப் பயிற்சியாளர் பில் பெலிசிக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார். எதிரணிப் பயிற்சியாளரைத் தேடிப்போய்க் கட்டியணைத்து வாழ்த்திவிட்டுத்தான் போனார், அதுவும் எடுபடவில்லை. எதிரணியின் சைகைகளைப் படம்பிடித்த வழக்கில் சில மாதம் முன்புதான் ஐந்து லட்சம் டாலர் அபராதம் கட்டியிருந்தார், அவருக்கும் சட்டை தயாராக இருந்தது. நிறம் அந்தச் சட்டையைச் சீக்கிரம் தைத்துத் தருகிறது, கழற்றவும் விடுவதில்லை.

நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பதானால் சில விஷயங்களில் கவனம் வேண்டும். கைகுலுக்கல், களத்தை விட்டுப் போன நேரம், செய்தியாளர் சந்திப்பு, எதிரணியைப் பற்றிச் சொன்ன சொல் என நான்கையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான்காம் கால்பகுதியில் தவறிய பந்தின் மேல் நியூட்டன் பாயத் தயங்கினாரே, அது ஆட்டத்தின் மேலுள்ள விமர்சனம். பண்புக் கணக்கில் சேராது. அன்று எழுதியவர்கள் பலரும் இரண்டையும் கலந்தார்கள். இரு வேறு பத்திரிகைகளை ஒப்பிடுவதைவிட ஒரே எழுத்தாளர் 2010இல் என்ன எழுதினார், 2016இல் என்ன எழுதினார் என்று பார்ப்பது உருப்படியானது. கூச்சலின் அளவை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் அந்த ஆறு வருடத்தில் ட்விட்டர் ஊதிப் பெருத்துவிட்டது. அளவை விட்டுவிட்டுப் பெயரடைகளைப் பாருங்கள். ஒருவர் 'மனமுடைந்து வெளியேறினார்', இன்னொருவர் 'முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்' என்றிருந்தால் வித்தியாசம் அங்கேதான்.

இதைவிடச் சுத்தமான ஜோடி கூடைப்பந்தில் இருக்கிறது. 1988இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸிடம் தோற்ற பாஸ்டன் செல்டிக்ஸ் வீரர்கள் ஆட்டம் முடியும் முன்பே களத்தை விட்டுப் போனார்கள். கெவின் மெக்ஹேல் மட்டும் நின்று பிஸ்டன்ஸின் கறுப்பின நட்சத்திரம் ஐசையா தாமஸுக்குக் கைகொடுத்தார். ரசிகர்கள் களத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்களுக்கு நியாயமான சாக்கு. 1991இல் அதே பிஸ்டன்ஸ், சிகாகோ புல்ஸிடம் நான்குக்கு நான்கும் தோற்று, 7.9 விநாடி மீதியிருக்கும்போது எழுந்து போனார்கள். முதலாவது கிட்டத்தட்ட மறந்துபோனது. இரண்டாவது இன்றும் பேசப்படுகிறது. இதில் இன்னொரு உள்குத்தும் உண்டு. போய்விடலாம் என்ற யோசனை வெள்ளையின வீரர் பில் லேம்பியருடையது என்று அந்த அணித் தரப்பிலேயே பின்னாளில் சொன்னார்கள். பழி இன்றுவரை ஐசையா தாமஸ் பெயரில்தான் இருக்கிறது.