சீலிங் விளக்குக்குத் துளை: எந்தக் கருவி, எந்த அளவு?

கேள்வி: எங்கள் வீட்டின் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் 14 டவுன்லைட்டுகள் பொருத்த இருக்கிறோம். எட்டு விளக்குகள் சிறியவை, ஆறு பெரியவை. சீலிங்குக்கு ஏற்கெனவே பெயிண்ட் அடித்தாகிவிட்டது. ஹோல் சா வாங்கு என்று ஒருவரும், அளவை மாற்றிக்கொள்ளும் கட்டர் வாங்கு என்று இன்னொருவரும், கைரம்பமே போதும் என்று மற்றொருவரும் சொல்கிறார்கள். பழைய விளக்குகள் இருந்த இரண்டு துளைகளைப் பெரிதாக்கவும் வேண்டும். எந்தக் கருவியை வாங்குவது?

பதில்: உங்களுக்கு ஆலோசனை சொன்ன மூவரும் தவறாகச் சொல்லவில்லை; மூவரும் வெவ்வேறு வேலைகளை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். ஒரே அளவில் நிறையத் துளைகள் என்றால் ஹோல் சா, அளவுகள் கலந்து வந்தால் மாற்றியமைக்கும் கட்டர், ஒன்றிரண்டு துளைகளுக்கும் திருத்த வேலைக்கும் கைரம்பம் என்பதுதான் பொதுவான கணக்கு. உங்கள் வேலையில் இரண்டு அளவுகள், பெயிண்ட் அடித்த சீலிங், கீழே குடியிருக்கும் வீடு ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதால், தூசிக் கிண்ணத்துடன் வரும் மாற்றியமைக்கும் கட்டர் ஒன்றும் ஜிப்சம் கைரம்பம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. ஆனால் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் அளவை உறுதிசெய்ய வேண்டும், ஏனெனில் இந்த வேலையில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் கருவியால் வருவதில்லை.

விளக்கின் பெட்டியில் இரண்டு விட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியும் வெளிவளையத்தின் விட்டம். மற்றொன்று கட்அவுட், அதாவது சீலிங்கில் வெட்ட வேண்டிய துளையின் விட்டம். வெளி விட்டம் 120 மி.மீ., கட்அவுட் 105 மி.மீ. என்று ஒரு விளக்கு இருந்தால், சுற்றிலும் 7.5 மி.மீ. அகலத்துக்கு மட்டுமே வளையம் துளையின் விளிம்பை மறைக்கும். உங்கள் கைப்பிசகுக்கு உள்ள மொத்த இடமும் அதுதான். தொடக்க காலத்தில் அவசரத்தில் விளக்கையே சீலிங்கில் கவிழ்த்து வைத்து, அதன் வெளிவளையத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வெட்டியிருக்கிறேன். விளக்கு துளைக்குள் போனது, விளக்கைச் சீலிங்கோடு பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் கிளிப்புகளுக்குப் பிடிக்க விளிம்பே இல்லாததால் அப்படியே என் கைக்குத் திரும்பியும் வந்தது. இன்று வரை பெட்டியில் உள்ள எண்ணை நம்பி மட்டும் வெட்டுவதில்லை. விளக்கின் உடற்பகுதியை அளந்து பார்த்து, வீணான ஒரு ஜிப்சம் துண்டில் ஒரு துளை போட்டு, விளக்கை அதில் பொருத்திப் பார்த்த பிறகே ஏணியில் ஏறுகிறேன்.

இனி ஹோல் சா. இது பல் வைத்த உலோகக் கிண்ணம். நடுவில் உள்ள பைலட் பிட் முதலில் இறங்கி மையத்தைப் பிடித்துக்கொள்ள, கிண்ணத்தின் விளிம்பு வட்டமாக வெட்டிக்கொண்டு போகும். துளை சுத்தமாகவும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவிலும் விழும் என்பது இதன் பலம், 105 மி.மீ. ஹோல் சா 105 மி.மீ. துளையை மட்டுமே போடும் என்பது இதன் குறை. வாங்கும்போது பலரும் கவனிக்காத ஒன்று, கிண்ணத்தை டிரில்லோடு இணைக்கும் ஆர்பர் என்ற தண்டு. பெரிய ஹோல் சாக்களுக்கான ஆர்பரின் அடிப்பகுதி பெரும்பாலும் 11 மி.மீ. அறுகோணமாக இருக்கும், 10 மி.மீ. சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் டிரில்லின் வாய்) கொண்ட சிறிய டிரில்லில் அது நுழையவே நுழையாது, 13 மி.மீ. சக் வேண்டும். பைமெட்டல், அதாவது இரண்டு வகை உலோகம் சேர்த்துச் செய்த பற்கள் ஜிப்சம், மரம், பிளைவுட், மெல்லிய உலோகத் தகடு ஆகியவற்றுக்குப் போதும். சிமெண்ட் ஃபைபர் போர்டும் மணல் கலந்த பழைய சாந்துப் பூச்சும் அந்தப் பற்களைச் சில துளைகளுக்குள் மழுங்கடித்துவிடும் என்பதால், அங்கே கார்பைடு துகள் பதித்த விளிம்புள்ள ஹோல் சாவே தேவை. ஒவ்வொரு துளைக்குப் பிறகும் வெட்டிய வட்டத்துண்டு கிண்ணத்துக்குள் சிக்கிக்கொள்ளும். கிண்ணத்தின் பக்கவாட்டில் உள்ள நீள் இடைவெளிகள் ஸ்க்ரூடிரைவரை விட்டு அதை நெம்பித் தள்ளுவதற்காகத்தான்.

மாற்றியமைக்கும் கட்டரில் கிண்ணம் கிடையாது. நடுவில் பைலட் பிட், அதற்குக் குறுக்கே ஒரு சட்டம், சட்டத்தின் இரு முனைகளிலும் நகர்த்தி இறுக்கக்கூடிய இரண்டு கத்திகள், இவற்றை மூடியபடி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று. கிண்ணத்தின் விளிம்பு சீலிங்கில் அழுந்தியிருக்க, கத்திகள் உள்ளே சுற்றி வெட்டும். தூசியும் கடைசியில் வட்டத்துண்டும் கிண்ணத்திலேயே விழும். குடியிருக்கும் வீட்டில், பெயிண்ட் அடித்த அறையில், இந்த ஒரு வசதிக்காகவே இதை நான் தேர்ந்தெடுப்பேன். இதில் இரண்டு கத்திகளும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்று இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் கருவி அதிரும், துளையின் விளிம்பு இரட்டைக் கோடாகச் சிதையும். சட்டத்தில் பொறித்துள்ள எண்கள் சில கருவிகளில் விட்டத்தைக் குறிக்கும், சிலவற்றில் ஆரத்தைக் குறிக்கும். எதுவானாலும் முதல் துளையை வீணான துண்டில் போட்டு, டேப்பால் அளந்து, பிறகு திருகை இறுக்குங்கள். எட்டு சிறிய துளைகளையும் முடித்த பிறகு ஒரே ஒரு முறை அளவை மாற்றி ஆறு பெரிய துளைகளுக்குப் போவதுதான் சரியான வரிசை. மாறி மாறி வெட்டினால் ஒவ்வொரு முறையும் அளவு சற்றே பிசகும்.

வேகத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 150 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 471 மி.மீ. டிரில் நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றினால் கத்தியின் முனை ஒரு நிமிடத்தில் சுமார் 235 மீட்டர் ஓடுகிறது; அதையே 1500 சுற்றுக்கு உயர்த்தினால் 700 மீட்டரைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் கத்தி எங்காவது ஒரு திருகில் மாட்டினால் டிரில் உங்கள் மணிக்கட்டைத் திருகிவிடும், அதுவும் நீங்கள் ஏணியின் மேல் நிற்கும்போது. ஆகவே டிரில்லின் முதல் கியரில், ட்ரிகரை மெல்ல அழுத்தி, பக்கவாட்டுக் கைப்பிடியை மாட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள். ஹேம்மர் முறையை அணைத்துவிடுங்கள். இம்பாக்ட் டிரைவரை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே வேண்டாம், அது தட்டித் தட்டிச் சுற்றுவதால் பற்களும் உடையும், போர்டும் உடையும்.

ஜிப்சம் கைரம்பம் கத்தி போல நுனி கூராக உள்ள, ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள எளிய கருவி. மின்சாரம் வேண்டாம், வேகம் இல்லை, தவறும் மெதுவாகத்தான் நடக்கும் என்பதால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். கவராயத்தால் வட்டம் வரைந்து, அந்தக் கோட்டின் மேல் முதலில் ஒரு பிளேடு கத்தியால் காகிதத்தை மட்டும் அறுத்துவிட்டு, பிறகு ரம்பத்தின் நுனியைக் கோட்டுக்குச் சற்று உட்புறமாகக் குத்தி இறக்கி, சிறு சிறு இழுப்பாக வட்டத்தைச் சுற்றி வாருங்கள். ஜிப்சம் போர்டின் வலிமையில் பெரும்பங்கு அதன் மேல் ஒட்டியுள்ள காகிதத்தில்தான் இருக்கிறது. காகிதத்தை முன்கூட்டியே அறுக்காமல் ரம்பத்தை இழுத்தால் அது பெயிண்டோடு சேர்ந்து பட்டையாக உரிந்து, வெளிவளையத்தையும் தாண்டி வெளியே தெரியும். பெயிண்ட் அடித்த சீலிங்கில் வெட்டும் இடத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேலேயே கோடு வரைவது இந்த உரிதலைக் குறைக்கும். சதுர விளக்குகளுக்கு இந்தக் கைரம்பமோ, அதிரும் பிளேடு கொண்ட மல்டிடூலோதான் வழி. மல்டிடூலின் பிளேடு நேரானது என்பதால் அதை வைத்து வட்டம் வெட்டினால் பலகோணம்தான் கிடைக்கும்.

எந்தக் கருவியானாலும் சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பெரிய துளையைப் போடாதீர்கள். ஜிப்சம் போர்டைத் தாங்கும் உலோகச் சேனல்கள் வரிசையாக ஓடும். சிறிய காந்தம் ஒன்றை நூலில் கட்டியோ கையில் பிடித்தோ சீலிங்கில் நகர்த்தினால், போர்டைப் பிடித்திருக்கும் திருகுகளில் அது இழுபடும், அந்தத் திருகுகளின் வரிசையே சேனலின் பாதை. அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் துளையின் மையத்தில் 6 மி.மீ. ஓட்டை ஒன்று மட்டும் போட்டு, ஒரு கெட்டியான கம்பியை ‘ட’ போல மடக்கி, மடக்கிய பகுதி துளையின் ஆரத்தைவிட இரண்டு விரல் அதிகமாக இருக்கும்படி வைத்து, ஓட்டை வழியே மேலே செலுத்தி முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது தட்டினால் அங்கே சேனலோ குழாயோ இருக்கிறது. மையத்தை நகர்த்த வேண்டும். அப்போது வீணாவது ஒரு 6 மி.மீ. ஓட்டை மட்டும், புட்டி வைத்து மறைத்துவிடலாம். அந்த இரண்டு விரல் கூடுதல் எதற்கென்றால், ஸ்பிரிங் கிளிப்புகள் விரிந்து அமர்வதற்குத் துளைக்கு வெளியே இடம் வேண்டும். துளை தப்பித்து கிளிப் சேனலில் முட்டினால் விளக்கு ஒரு பக்கம் தொங்கும். விளக்கின் உயரத்துக்கும், அதற்கேற்ற மின்சாரத்தைக் கொடுக்கும் டிரைவர் என்ற சிறு பெட்டிக்கும் மேலே போதிய இடைவெளி இருக்கிறதா என்பதையும் அந்தக் கம்பியாலேயே அளந்துவிடலாம்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை விளக்கு சுவிட்சை அணைப்பது போதாது. மின்பலகையில் அந்தப் பகுதிக்கான எம்.சி.பி.யை (சர்க்யூட் பிரேக்கரை) இறக்கி, டெஸ்டரால் உறுதிசெய்த பிறகே வெட்டத் தொடங்குங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் வயர்கள் பல நேரங்களில் போர்டின் முதுகிலேயே படுத்திருக்கும், போர்டு 12.5 மி.மீ. தடிமன்தான், கைரம்பத்தின் நுனியும் நீண்ட பைலட் பிட்டும் அதைத் தாண்டி மேலே நுழைந்துவிடும். ரம்பத்தைச் செங்குத்தாகப் பிடிக்காமல் படுத்த கோணத்தில் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வயர் இணைப்பை அதற்குரிய தகுதி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். துளை போடுவது வேறு, இணைப்புக் கொடுப்பது வேறு.

தூசியில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. ஜிப்சம் தூசி கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். சிமெண்ட் போர்டு, மணல் சாந்து ஆகியவற்றின் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கி நிரந்தரக் கேடு செய்யும். இரண்டுக்கும் மூடிய கண்ணாடியும் என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 முகக்கவசமும் அணியுங்கள். தலைக்கு மேல் வெட்டுவதால் எல்லாம் முகத்தில்தான் விழும். மிகப் பழைய கட்டடத்தின் சீலிங் போர்டிலோ பூச்சிலோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு என்றால், பரிசோதித்து அறியும் வரை ஒரு துளைகூடப் போடக் கூடாது. தீத்தடுப்புக்காகவே அமைத்த சீலிங் என்றால், துளை போட்ட இடத்தில் அந்தத் தடுப்பு முறிந்துவிடும் என்பதால் அதற்கென்றே தயாரித்த விளக்குகளையே பொருத்த வேண்டும். கான்கிரீட் தளத்தில் விளக்குக் குழி எடுப்பது வைரக் கோர் கட்டரால் முடியும் என்றாலும், உள்ளே உள்ள கம்பியை அது வெட்டிவிடும். அங்கே மேற்பரப்பில் பொருத்தும் விளக்கே உத்தமம்.

உங்கள் கடைசிக் கேள்வி, பழைய துளைகளைப் பெரிதாக்குவது. இங்கே ஹோல் சாவும் கட்டரும் ஒன்றுபோலத் திணறும், ஏனெனில் பைலட் பிட் பிடிக்க வேண்டிய மையத்தில் வெறும் காற்றுதான் இருக்கிறது. மையம் இல்லாத ஹோல் சா சீலிங்கில் பட்டதும் துள்ளி ஓடிப் பெயிண்டைக் கீறிவிடும். நிறையத் துளைகள் என்றால், புதிய அளவில் ஒரு பிளைவுட் துண்டில் துளை போட்டு, அந்தத் துண்டைச் சீலிங்கில் பழைய துளைக்கு ஒத்த மையமாக இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டி, உடன் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பிளைவுட் துளையையே வழிகாட்டியாகக் கொண்டு, பைலட் பிட்டைக் கழற்றிய ஹோல் சாவை ஓட்டலாம். இரண்டு துளைகளுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. அட்டையில் புதிய வட்டத்தை வெட்டி, பழைய துளையைச் சுற்றிச் சம அளவு வெளியே தெரியும்படி வைத்துக் கோடு போட்டு, கைரம்பத்தால் அந்த வளையத்தை அறுத்தெடுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் போதவில்லை என்றால் ரம்பமும் வேண்டாம், அரைவட்ட அரத்தால் தேய்த்தால் போதும்.

வெட்டி விழும் வட்டத்துண்டுகளில் பெரியதாக இரண்டை, கடைசி விளக்கு அமரும் வரை தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஏதேனும் ஒரு துளை இடம் தவறிப் போனால், அதன் முதுகில் ஒரு மரச்சட்டத்தைத் திருகி, அந்தத் துண்டையே துளைக்குள் பொருத்தி, இடைவெளியைப் புட்டியால் நிரப்பி டேப் ஒட்டிப் பெயிண்ட் அடித்துவிடலாம். அதே தடிமனில் தனியாக ஒரு போர்டு தேடி அலைய வேண்டியிருக்காது.