சுதந்திர மரத்தடியில் ஓர் ஏலம்

கேள்வி: அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆரம்பகாலத் தலைவர்கள் அடிமைகள் வைத்திருந்தார்களாமே? அவர்கள் பாதிரியார்கள் இல்லையா?
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: பாதிரியார்கள்தான், ஆனால் அது எதையும் தடுக்கவில்லை. 1746-ல் நியூஜெர்சி கல்லூரி என்ற பெயரில் தொடங்கியது அது. முதல் ஒன்பது தலைவர்களும், ஒருவர் விடாமல், வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் அடிமைகளுக்கு எஜமானர்களாக இருந்தவர்கள்.

ஐந்தாவது தலைவர் சாமுவேல் ஃபின்லி 1766 ஜூலையில் இறந்துபோனார். அடுத்த மாதமே அவர் சொத்துகள் ஏலத்துக்கு வந்தன. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்தால், இரண்டு கறுப்பினப் பெண்கள், ஓர் ஆண், மூன்று குழந்தைகள், அப்புறம் வீட்டுச் சாமான், குதிரை, மாடு, வைக்கோல், புத்தகங்கள் என்று ஒரே மூச்சில் போகிறது பட்டியல். ஏலம் போட்ட இடம் கல்லூரி வளாகத்தில் அவர் குடியிருந்த வீடு. அதன் முன்னால் இன்றும் நிற்கிற இரண்டு சிக்கமோர் மரங்களுக்குச் 'சுதந்திர மரங்கள்' என்று பெயர். அப்போது அமெரிக்காவை ஆண்ட பிரிட்டிஷ்காரன், பத்திரம் பத்திரிகை போன்ற காகிதங்களுக்குப் போட்ட முத்திரை வரியை வாபஸ் வாங்கியதைக் கொண்டாட அதே 1766-ல் நட்டதாகச் சொல்வார்கள்.

அடுத்து வந்த ஜான் விதர்ஸ்பூன் இன்னும் சிக்கலான ஆள். சுதந்திரமாக இருந்த இரண்டு ஆப்பிரிக்கர்களுக்குத் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார், 1776 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். 1794-ல் அவர் இறந்தபோது எடுத்த சொத்துக் கணக்கில் இரண்டு அடிமைகள்!

கேள்வி: கல்லூரியே அடிமைகளை வாங்கியதா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: கல்லூரியின் பெயரில் வாங்கியதாக ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. 2013-ல் மார்த்தா சான்ட்வைஸ் என்ற பேராசிரியர் மாணவர்களோடு பழைய காகிதங்களைத் தோண்ட ஆரம்பித்து, 2017-ல் எல்லாவற்றையும் வெளியிட்டார்கள். கல்லூரி கொடுத்த வீட்டில் அடிமைகள்தான் அடுப்பு மூட்டினார்கள் என்னும்போது, பத்திரம் யார் பெயரில் இருந்தது என்பது வக்கீல் பேச்சுதான், ஐயா.

எட்டாவது தலைவர் ஆஷ்பெல் கிரீன் வீட்டில் அடிமையாக வளர்ந்தவர் பெட்ஸி ஸ்டாக்டன். விடுதலையானபின் ஹவாய்த் தீவுக்குப் போய்ச் சாதாரண மக்களுக்குப் பள்ளி நடத்தினார், திரும்பி வந்து பிரின்ஸ்டனிலேயே கறுப்பினக் குழந்தைகளுக்குப் பல வருடம் ஆசிரியையாக இருந்தார். 2018-ல் நூலகத்தை ஒட்டிய தோட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் இறந்தது 1865-ல்.