அமெரிக்க எஃகு ஆலைகள்: வேலைகள் எங்கே போயின?

எஃகு இறக்குமதி வரியை அமெரிக்கா 2025 ஜூனில் 50 சதவீதமாக்கியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, அமெரிக்க எஃகு வேலைகளைச் சீனா பறித்துவிட்டது என்று எல்லா விவாதத்திலும் சொல்கிறார்கள். அப்படித்தானா?

காலக்கணக்கே ஒத்துவரவில்லை தம்பி. ஒஹாயோ மாநிலம் யங்ஸ்டவுனில் கேம்பெல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது 1977 செப்டம்பர் 19 அன்று. சுமார் 5,000 பேருக்கு வேலை போயிற்று. அந்த ஊரில் அந்த நாளைக் ‘கறுப்புத் திங்கள்’ என்றே சொல்கிறார்கள். சீனா அப்போது எஃகை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த நாடு. போட்டிக்கு நின்றவை ஜப்பானும் ஐரோப்பாவும்.

இன்னொன்றையும் பாருங்கள். 1962 முதல் 2005 வரை அமெரிக்க எஃகுத் தொழிலில் சுமார் 4 லட்சம் வேலைகள் மறைந்தன, அதாவது நாலில் மூன்று பங்கு. ஆனால் 2005இல் ஆலைகளிலிருந்து வெளியே போன எஃகு ஏறக்குறைய 1960களின் தொடக்கத்தில் போன அதே அளவுதான். சரக்கு குறையாமல் ஆள் மட்டும் குறைந்தால் இறக்குமதியை மட்டும் குற்றவாளியாக்க முடியாது.

இன்று உலக எஃகில் பாதிக்கு மேல் சீனாவில் தயாராகிறது, அந்த மிகை உற்பத்தி எல்லா நாட்டிலும் விலையை அழுத்துகிறது. அது உண்மைதான். ஆனால் அமெரிக்கா பெருமளவு எஃகு வாங்கி வந்தது கனடா, பிரேசில், மெக்சிகோ போன்ற நாடுகளிடமிருந்து.

கேள்வி: அப்படியென்றால் ஆட்களைக் குறைத்தது எந்தத் தொழில்நுட்பம்? ரோபோவா?

ரோபோ வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. பழைய பெரிய ஆலையில் இரும்புத்தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் எல்லாம் வேண்டும். நிலக்கரியை முதலில் ‘கோக்’ என்னும் எரிபொருளாக்க வேண்டும், ஊது உலையில் இரும்பை உருக்க வேண்டும், பிறகு அதை எஃகாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தனிப் பிரிவு, தனி ஆட்படை. ‘மினிமில்’ எனப்படும் சிற்றாலை இதில் பாதியைத் தாண்டிப் போய்விடுகிறது. பழைய கார், இடித்த கட்டடத்தின் கம்பி என்று கிடைக்கிற ஸ்கிராப்பை, மின்சாரத்தால் சூடேறும் மின்வில் உலையில் போட்டு நேராக உருக்குகிறது.

நியூகோர் நிறுவனம் 1969இல் தென் கரோலினாவின் டார்லிங்டனில் இப்படி ஓர் ஆலை தொடங்கியது. இந்தச் சிற்றாலைகள் முதலில் செய்தவை கட்டடக் கம்பி போன்ற மலிவுச் சரக்கு. லாபம் குறைந்த சரக்கு என்பதால் பெரிய நிறுவனங்கள் அந்தச் சந்தையை விட்டுக்கொடுத்தன. 1989இல் இண்டியானாவின் கிராஃபர்ட்ஸ்வில்லில் நியூகோர் மெல்லிய பாளமாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்து தகடு செய்யவும் ஆரம்பித்தது. அதுவரை பெரிய ஆலைகளின் கோட்டையாக இருந்தது தகடுதான். இன்று அமெரிக்க எஃகில் சுமார் 70 சதவீதம் மின்வில் உலையில் உருகுகிறது. 1980களின் தொடக்கத்தில் ஒரு டன்னுக்குப் பத்து மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. இப்போது இரண்டு மணி நேரம்கூட இல்லை.

கேள்வி: வேலைநிறுத்தம் செய்து தொழிற்சங்கம்தானே தொழிலைக் கெடுத்தது?

1959இல் சுமார் 5 லட்சம் பேர் 116 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த இடைவெளியில் வாடிக்கையாளர்கள் வெளிநாட்டு எஃகை வாங்கிப் பழகியது உண்மை. ஆனால் ஆக்சிஜன் ஊதி முக்கால் மணி நேரத்தில் எஃகு எடுக்கும் முறை ஆஸ்திரியாவின் லின்ஸில் 1952இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் எட்டு, பத்து மணி நேரம் பிடிக்கும் திறந்த உலைகளில் பணத்தைக் கொட்டியது நிர்வாகங்கள். அந்த முடிவைத் தொழிலாளி எடுக்கவில்லை. பழியில் பெரும்பங்கை அவர் தலையில் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: சார், வரி போட்டால் கொஞ்சம் வேலையாவது திரும்பாதா?

கொஞ்சம் திரும்பும். 2018இல் 25 சதவீத வரி வந்ததும் இலினாய் மாநிலம் கிரானைட் சிட்டியில் அணைந்து கிடந்த ஓர் ஊது உலையை மறுபடி ஏற்ற முடிவானது, சுமார் 500 பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் 2023இல் அங்கே மறுபடி உலையை நிறுத்தினார்கள், வரி அப்போதும் நடப்பில்தான் இருந்தது.

அதே 2018இல் மிசூரியின் பாப்ளர் பிளஃபில் ஓர் ஆணித் தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்தது. ஆணி அடிக்கும் கம்பியை மெக்சிகோவிலிருந்து வாங்குவார்கள். கம்பிக்கு வரி, வெளிநாட்டில் செய்து வந்த ஆணிக்கு அப்போது அந்த வரி இல்லை. எப்படித் தாக்குப்பிடிப்பது? எஃகு செய்கிற ஒருவருக்கு எஃகை வாங்கிப் பொருள் செய்கிற சுமார் 80 பேர் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்று பொருளியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். விலை ஏறினால் அடி அந்த 80 பேருக்கு.

கேள்வி: யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தை ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வாங்கியது தொழிலாளர்களுக்கு நல்லதா?

2025 ஜூனில்தான் யு.எஸ். ஸ்டீல் கைமாறியது. பைடன் தடுத்தார், டிரம்ப் அரசு சில முடிவுகளைத் தடுக்கும் அதிகாரம் தரும் ‘தங்கப் பங்கு’ ஒன்றை வாங்கிக்கொண்டு அனுமதித்தது. பழைய ஊது உலைகளில் யார் முதலீடு போடுவார்கள் என்பதுதான் கேள்வி. ஜப்பானியரிடம் அதற்கான பணமும் தேர்ச்சியும் உண்டு. அதனால் சங்கத்தின் எதிர்ப்பை மீறியும் எனக்கு இது தேவலை என்று படுகிறது.

கேள்வி: வேலை போனவர்களுக்கு என்ன கிடைத்தது ஐயா?

இதை யாரும் கேட்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெத்லகேம் ஸ்டீல் என்ற பெரிய அமெரிக்க எஃகு நிறுவனம் 2001இல் திவால் மனு போட்டது. 2003இல் ஓய்வுபெற்றவர்களும் குடும்பத்தினருமாகச் சுமார் 95,000 பேரின் மருத்துவக் காப்பீடு ரத்தானது. முப்பது வருடம் உலைச் சூட்டில் நின்ற மனிதர்கள் அவர்கள்.

1962இல் வந்த வணிக விரிவாக்கச் சட்டத்தில் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று 232ஆம் பிரிவு, இன்றைய வரிகளின் ஆதாரம். மற்றொன்று இறக்குமதியால் வேலை இழந்தவருக்குப் பயிற்சியும் உதவித்தொகையும். முதலாவது இன்று 50 சதவீத வரியாக நிற்கிறது. இரண்டாவதை நீட்டிக்காமல் விட்டதால், 2022 ஜூலை முதல் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. தொழிலாளிக்காகத்தான் வரி என்றால், முதலில் அந்த உதவியைத் திரும்பக் கொண்டுவரட்டும்.

கேள்வி: என் மகள் மெட்டலர்ஜி படித்துவிட்டுப் பென்சில்வேனியாவில் மேற்படிப்புக்குப் போகிறாள். இந்தத் துறையில் எதிர்காலம் இருக்கிறதா?

இருக்கிறதம்மா. ஸ்கிராப்பில் கலந்து வரும் செம்பை எஃகிலிருந்து பிரிப்பது மிகக் கடினம், அது சேரச் சேரத் தகட்டின் மேற்பரப்பு சூட்டில் விரிசல் விடும். மின்வில் உலைகள் பெருகும்போது இந்தச் சிக்கலும் பெருகும். ஸ்கிராப் தரம், உலைக் கட்டுப்பாடு இரண்டையும் ஆழமாகப் படிக்கச் சொல்லுங்கள்.