இரவில் நடந்து வந்த பேரப்பிள்ளைகள்

கேள்வி: நாங்கள் மல்லாவியில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். மகள் வீட்டு வேலைக்குக் குவைத் போய் ஒன்றரை வருடம். மருமகன் கசிப்புக் குடிக்கு அடிமை. போன மாதம் ஓர் இரவு மூத்த பேத்தி (11 வயது) தம்பிமார் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். முதுகில் பெல்ட் அடித்த தழும்பு. மடு மாதா கொண்டுவந்து சேர்த்த பிள்ளைகள் என்று வைத்துப் பார்க்கிறோம். மருமகன் சைவம். "பிள்ளைகளைக் கடத்தி வேதத்துக்கு மாத்தப் பார்க்கிறீர்கள், பொலிசுக்குப் போவேன்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, அடிபட்டு ஓடிவந்த பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்ததைக் கடத்தல் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாதமாக நீங்கள் எங்கும் சொல்லாமல் இருந்தது எனக்குக் கவலை தருகிறது. அவர் பொலிசுக்குப் போகுமுன் நீங்கள் போங்கள். சிறுவர், பெண்கள் பிரிவில் முறைப்பாடு கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கிராம அலுவலருக்கும் சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். சிறுவர் உதவிக்கான 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அந்தத் தழும்பு மங்கிக்கொண்டே போகும். பொலிஸ் மூலம் பேத்தியை ஆஸ்பத்திரியில் காட்டி மருத்துவ அறிக்கை எடுங்கள். நாலு சாட்சி சொல்வதை அந்த ஒரு தாள் சொல்லும்.

அவர் குடித்துவிட்டு வாசலில் வந்து நிற்பார் என்ற பயம் இருந்தால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளை யாருடன் வசிக்கிறதோ அவரே பிள்ளைக்காக நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அதாவது நீங்களே. பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை கிடைக்கும்.

அது அவரைத் தள்ளி வைக்கும், அவ்வளவுதான். பிள்ளைகள் உங்களிடமே வளர வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் கட்டுக்காவல் கேட்க வேண்டும். தகப்பனின் உரிமையைச் சட்டம் இலேசாகத் தள்ளிவிடாது. ஆனாலும் நீதிபதி கடைசியில் பார்ப்பது பிள்ளைகளின் நலனைத்தான். இங்கே மகளின் சம்மதம் பெரிய பலம். அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அவர் கையெழுத்தை உறுதிப்படுத்தி ஒரு சத்தியக் கடதாசி அனுப்பச் சொல்லுங்கள்.

ஊர்ப் பெரியவர்களை வைத்து மருமகனிடம் முத்திரைத் தாளில் எழுதி வாங்கும் யோசனை வரும். வேண்டாம். அந்தத் தாள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. மகவேற்பும் (தத்தெடுப்பதும்) இப்போது வேண்டாம். மகள் திரும்பி வரப்போகிறவர். சட்டத்தின் முன் அவருடைய தாய் என்ற இடத்தை நாமே எடுத்துவிடக் கூடாது.

மத விசயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். மாலைச் செபத்தில் பிள்ளைகள் உங்கள் பக்கத்தில் இருப்பது குற்றமில்லை. ஆனால் வழக்கு நடக்கும்போது ஞானஸ்நானம் கொடுக்க வேண்டாம். அவர்களுடைய அப்பம்மா வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கூட்டிப்போகக் கேட்டால், பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை என்றால் விடுங்கள். உங்கள் விசுவாசத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது. மதம் மாற்றப் பார்க்கிறீர்கள் என்ற மருமகனின் குற்றச்சாட்டும் அதோடு எடுபடாமல் போகும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கூச்சமாக இருக்கலாம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, பிள்ளைகளை வைத்திருப்பவர் தகப்பனிடம் மாதாந்தத் தாபரிப்புக் கேட்டு நீதவான் நீதிமன்றம் போகலாம். கேளுங்கள். அது பிள்ளைகளின் பணம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போங்கள். பிறப்புச் சான்றிதழ்கள், பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, கிளினிக் கொப்பி எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

இன்னொன்று. நீதிபதி பேத்தியிடம் தனியாகப் பேசக்கூடும். அவளுக்கு ஒரு சொல்லும் சொல்லிக் கொடுக்காதீர்கள். அப்பாவில் பாசம் இருக்கிறது என்று அவள் சொன்னாலும் சொல்லட்டும், வீட்டுக்கு வந்து அதற்காக ஒருவரும் அவளை ஏச வேண்டாம்.