உயில் எழுதி வைத்துவிட்டால் பிள்ளைகளுக்குள் சொத்துச் சண்டை வராதுதானே?

உயில் இருந்தாலும் வரலாம். என் பெரியப்பாவின் உயிலுக்கு நான்தான் எக்ஸிகியூட்டர். அதில் உள்ளபடி சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. எழுத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கடைசிக் காலத்தில் தன்னைப் பார்த்துக்கொண்ட மகளுக்குக் கூடுதல் பங்கு எழுதியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. விவரம் தெரிந்ததும் மூத்த மகன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அப்பா ஏன்டா இதை என்கிட்ட சொல்லல?" அடுத்தது, "வக்கீல்கிட்ட அவரைக் கூட்டிட்டுப் போனது யாரு?"

இரண்டாவது கேள்விதான் ஆபத்தானது. உயிலை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்கள் எந்த நாட்டிலும் ஏறக்குறைய இவைதான்: எழுதும்போது அவருக்குப் புத்தி தெளிவாக இல்லை, யாரோ வற்புறுத்தினார்கள், கையெழுத்து அவருடையதல்ல, சாட்சிகள் முறைப்படி இல்லை. அதனால் கூடுதலாகப் பெறப்போகும் பிள்ளை வக்கீலைப் பார்க்கும்போதும் கையெழுத்திடும்போதும் அந்தப் பக்கமே வரவேண்டாம். முதுமையோ நோயோ இருந்தால், அதே நாட்களில் மருத்துவரிடம் மனத்தெளிவுக்குச் சான்று வாங்கி உயிலோடு வைத்துவிடுங்கள்.

சாட்சி விஷயத்திலும் கவனம் தேவை. பங்கு பெறுபவரோ அவருடைய கணவன், மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பங்கு செல்லாது என்ற விதி இங்கிலாந்தின் 1837 உயில் சட்டத்திலேயே உண்டு; வேறு பல நாடுகளிலும் இதுபோன்ற விதி இருக்கிறது. சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக இருப்பது நல்லது. பின்னாளில் நீதிமன்றம் அவர்களைத்தான் கூப்பிடும்.

புரொபேட் என்றால், இந்த உயில் செல்லும் என்று நீதிமன்றம் உறுதிசெய்து எக்ஸிகியூட்டருக்கு அதிகாரம் கொடுப்பது. யாரும் ஆட்சேபிக்காவிட்டால் பெரும்பாலும் காகித வேலைதான். ஆட்சேபித்தால் முழு வழக்கு. பாடகி அரேதா ஃபிராங்க்ளின் 2018-இல் இறந்தபோது உயிலே இல்லை என்று நினைத்தார்கள். மறு ஆண்டு அவர் கைப்பட எழுதிய 2010-ஆம் ஆண்டுத் தாள்கள் பூட்டிய அலமாரியிலும், 2014-இல் எழுதியது சோபா மெத்தைக்கு அடியில் ஒரு நோட்டிலும் கிடைத்தன. எது செல்லும் என்று மகன்களுக்குள் வழக்கு. 2014-இல் எழுதியதே செல்லும் என்று ஜூரி சொல்ல 2023 ஆகிவிட்டது. ஆகவே புதிதாக எழுதினால் "இதற்கு முந்தைய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்" என்ற வரியும் தேதியும் கட்டாயம் இருக்கட்டும். அசல் எங்கே இருக்கிறது என்பது எக்ஸிகியூட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நினைத்தபடியெல்லாம் எழுதிவிடவும் முடியாது. பிரான்ஸில் பிள்ளைகளுக்கு ஒரு பங்கைச் சட்டமே ஒதுக்கிவிடுகிறது. இஸ்லாமிய சட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்குமேல் உயிலால் கொடுக்க முடியாது. கூட்டுக் கணக்கு, இன்சூரன்ஸ் நாமினி போன்றவற்றுக்கும் நாட்டுக்கு நாடு விதி வேறு. இதையெல்லாம் உள்ளூர் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

மற்றபடி என் யோசனை, உயிலில் உள்ளதைப் பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்து நீங்களே சொல்லிவிடுங்கள். யாருக்காவது குறைத்தால் காரணத்தையும் சொல்லுங்கள். இப்போதே சண்டை வருமே என்றால், வரட்டும். பதில் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள். பெரியப்பா மகனுக்கு என்னால் அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை. நேரில் சொல்ல வராதவர்கள் ஒரு கடிதமாவது எழுதி உயிலோடு வைக்கலாம்.

நகை, கைக்கடிகாரம், போட்டோ ஆல்பம் இவற்றுக்கும் பெயர் போட்டுவிடுங்கள். வீட்டை அமைதியாகப் பிரித்துக்கொண்டவர்கள் அம்மாவின் ஒற்றைச் சங்கிலிக்காகப் பேச்சை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே பேசிக்கொள்ளாத இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து எக்ஸிகியூட்டராகப் போடாதீர்கள், பல வேலைகளுக்கு இருவர் கையெழுத்தும் வேண்டியிருக்கலாம்.