ஒரே அழுத்தில் 30 கல்ச்சர்: எந்த ரெப்ளிகேட்டரை வாங்குவது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் சொந்தமாக ஒரு சிறிய லேப் நடத்துகிறேன். மடிவீக்கம் கண்ட மாடுகளின் பால் சாம்பிள்கள் வருகின்றன. அதில் வளரும் பாக்டீரியாவுக்கு எந்த மருந்து எவ்வளவு அடர்த்தியில் கேட்கும் என்று, மருந்து கலந்த அகார் (பாக்டீரியா வளரும் ஜெல்லி) தட்டில் பார்க்கிறோம். ஒவ்வொரு கல்ச்சராக (வளர்த்தெடுத்த பாக்டீரியா) லூப் என்ற கம்பி வளையத்தில் எடுத்து வைத்து மாளவில்லை. கோயம்புத்தூர் டீலர் ஒருவர் 96 பின் உள்ள ரெப்ளிகேட்டருக்கு, அதாவது குழிகளில் உள்ள பல கல்ச்சர்களைப் பின்களால் தொட்டு ஒரே அழுத்தில் தட்டில் வைக்கும் சாதனத்துக்கு, கொட்டேஷன் தந்திருக்கிறார். 36 பின்னைவிட விலை கொஞ்சம்தான் அதிகம். எதை எடுக்கலாம்?

பதில்: 36 பின்னையே எடுங்கள். பின்னை எண்ணுவதற்கு முன் தட்டை அளந்து பார்க்க வேண்டும்.

96 பின் சாதனம் 96 குழித் தட்டின் அளவுக்குச் செய்யப்பட்டது. 12க்கு 8 என்ற வரிசை, பின்னுக்குப் பின் 9 மி.மீ. இடைவெளி. மூலைக்கு மூலை அளந்தால் சுமார் 117 மி.மீ. வரும். நீங்கள் வழக்கமாக ஊற்றும் 90 மி.மீ. வட்டத் தட்டில் அது இறங்கவே இறங்காது. செவ்வகத் தட்டுக்கோ 150 மி.மீ. வட்டத் தட்டுக்கோ மாற வேண்டியிருக்கும். அகார் 4 மி.மீ. கனம் நிற்க 90 மி.மீ. தட்டுக்கு 25 மில்லி போதும், 150 மி.மீ. தட்டுக்கு சுமார் 70 மில்லி பிடிக்கும். மருந்து கலந்து ஊற்றும் ஒவ்வொரு தட்டுக்கும் இந்தக் கூடுதல் செலவு உண்டு. கொட்டேஷனில் இது வராது.

36 பின் உங்களுக்குத் தாராளம். 30 கல்ச்சரை 10 அடர்த்திகளில் பார்க்க லூப்பால் 300 முறை வைக்க வேண்டும். ரெப்ளிகேட்டரில் 10 அழுத்து, அப்புறம் பாக்டீரியா சரியாக விழுந்து வளர்கிறதா என்று ஒப்பிட, மருந்து கலக்காத தட்டில் முதலில் ஒன்று, கடைசியில் ஒன்று; மொத்தம் 12. இதன் மூல வடிவத்தை ஸ்டியர்ஸ் குழுவினர் 1959இல் வெளியிட்டார்கள். கையால் அழுத்தும் சாதனங்கள் இன்றும் அந்த வழியில்தான் செய்யப்படுகின்றன. எளிய அமைப்பு என்பதால் மோட்டார், மென்பொருள் என்று கூட்டிச் சொல்லி விலை ஏற்றினால் மயங்க வேண்டாம்.

அடுத்து, பின்னின் நுனி எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். 3 மி.மீ. நுனி ஏறக்குறைய 2 மைக்ரோலிட்டர் எடுக்கும், 1 மி.மீ. நுனி 0.1 முதல் 0.2 வரைதான். பத்து மடங்குக்குக் குறையாத வித்தியாசம். ஒரு புள்ளியில் சுமார் 10,000 பாக்டீரியா விழ வேண்டும் என்பது கணக்கு. 3 மி.மீ. நுனி என்றால் 0.5 மெக்ஃபார்லண்ட் (பாக்டீரியா கலந்த நீரின் கலங்கலை அளக்கும் அளவுகோல்) கலங்கலைப் பத்து மடங்கு நீர்த்து வைக்க வேண்டும், 1 மி.மீ. என்றால் நீர்க்காமலே வைக்கலாம். நுனி அளவு தெரியாமல் வாங்கினால் எல்லா ரிசல்ட்டும் ஒரே பக்கமாகச் சாயும்.

பணம் கொடுக்கும் முன் டெமோ கேளுங்கள். நீங்கள் ஊற்றிய அகார் தட்டை நீங்களே கொண்டு போங்கள். குழிகளில் கிரிஸ்டல் வயலெட் கலந்த தண்ணீரை ஊற்றி, பின்களை நனைத்துத் தட்டில் அழுத்தச் சொல்லுங்கள். 36 ஊதாப் புள்ளிகளும் ஒரே அளவில் விழ வேண்டும். ஓரத்தில் இரண்டு மங்கலாக இருந்தால், நடுவில் ஒன்று பெரிதாகப் பரவி அடுத்ததைத் தொட்டால், பின்கள் ஒரே மட்டத்தில் இல்லை என்று அர்த்தம். ஒவ்வொரு பின்னும் தனித்தனியாக மேலும் கீழும் அசையும் மாடல் நல்லது. அகார் கொஞ்சம் சரிந்திருந்தாலும் எல்லாப் பின்னும் தொடும். மங்கலான அந்தப் புள்ளியில் பாக்டீரியா வளராமல் போனால் மருந்து கேட்டதாகத்தான் நீங்கள் ரிப்போர்ட் எழுதுவீர்கள். அதை நம்பி ஒருவர் தன் மாட்டுக்கு ஊசி போடுவார். அதனால் இந்த ஒரு சோதனையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பின் தலைப்பகுதி தனியாகக் கழன்று, 121 டிகிரி ஆட்டோகிளேவை (நீராவியால் கிருமி நீக்கும் கலம்) தாங்க வேண்டும். பிளாஸ்டிக் பின்னை ஸ்பிரிட்டில் முக்கிக் கொளுத்த முடியாது.

டீலர் தமிழ்நாட்டில், நீங்கள் கேரளத்தில் என்பதால் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநில விற்பனைக்கான ஜி.எஸ்.டி.) இருக்கும். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு கொண்டு வருவதற்கான ஆன்லைன் ஆவணம்) இல்லாமல் வண்டி வரக்கூடாது. பழுது பார்க்க ஆள் வாளையாறு தாண்டி வருவாரா, செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிரச்சினை வந்தால் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். தொழிலுக்கு வாங்கிய பொருளாயிற்றே என்று எதிர்த்தரப்பு வாதிடும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு அந்தச் சட்டமே விலக்கு தருகிறது. லேப் உங்கள் சொந்த உழைப்பில் நடப்பதற்கான காகிதங்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: நகரியில் மூடப்பட்ட ஒரு லேபிலிருந்து பழைய ரெப்ளிகேட்டர் மலிவாகக் கிடைக்கிறது. ஸ்டீல் பின்களில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. வாங்கலாமா?

பதில்: பிளீச்சில் ஊறப்போட்டிருப்பார்கள், குளோரின் ஸ்டீலை அரிக்கும். நகத்தால் நுனியைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் வெறும் கறை, வாங்கலாம். சொரசொரப்பாகக் குழி தட்டுப்பட்டால் அந்தப் பின் எடுக்கும் திரவத்தின் அளவு மாறும், குழிக்குள் அழுக்கும் தங்கும். அதே அளவில் புதுப் பின்கள் தனியாகக் கிடைத்தால் மட்டும் விலை பேசுங்கள்.