கடிதம்: சொல்லக் கூசும் நோய்

அன்புள்ள அக்கா,

எனக்கு 27 வயது. மூன்று ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடல் புண்ணாகி ரத்தம் போகும் நோய். முதல் எட்டு மாதம் மூலம் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன். இப்போது நான்கு மாதமாக ரத்தம் போகவில்லை. அதனால் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். “அல்சர் என்று மட்டும் சொல், அதற்கு மேல் வாயைத் திறக்காதே” என்கிறார் அம்மா. உங்களுக்கும் இதே நோய் என்று எழுதியிருந்தீர்கள். மறைப்பது சரியா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

கல்யாணப் பேச்சு அப்புறம். முதலில் மாத்திரை. ரத்தம் நின்றது நோய் போய்விட்டதால் அல்ல, மருந்து அதை அடக்கி வைத்திருந்ததால். நானும் இரண்டாம் ஆண்டில் இதையே செய்தேன். ஏழு வாரம் ஒன்றும் ஆகவில்லை. எட்டாம் வாரம் ஒரு நாளைக்குப் பதினைந்து முறை கழிப்பறைக்கு ஓடினேன். பிறகு ஸ்டீராய்டு, முகம் வீங்கி, தூக்கம் போய், மூன்று மாதம் வீணானது. இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். நிறுத்தியதை அவரிடமும் மறைக்காதீர்கள்.

இனி அந்த ‘அல்சர்’. நம் ஊரில் அல்சர் என்றால் இரைப்பைப் புண். நேரத்துக்குச் சாப்பிடாமல் வருவது, காரத்தைக் குறைத்து மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டால் ஆறிவிடுவது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். நமக்கு வந்திருப்பது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பெருங்குடலின் உட்சுவரைத் தாக்குகிறது. மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவுகிறது. இதன் உடன்பிறப்பான க்ரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரும். நம் நாட்டில் அதைக் குடல் காசநோயிலிருந்து பிரித்தறிவதே பெரும்பாடு. மாதக்கணக்கில் காசநோய் மருந்து சாப்பிட்ட பிறகு க்ரோன் என்று தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். இத்தனையையும் ‘அல்சர்’ என்ற ஒரு சொல்லுக்குள் ஒளித்துவைத்தால், கல்யாணமான மூன்றாம் மாதம் மாமியார் கேட்பார்: அல்சருக்கா தினமும் மாத்திரை, அல்சருக்கா காலையில் ஆறு முறை போகிறாய் என்று.

ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபேவுக்கும் இதே நோய், பதின்ம வயதிலிருந்தே. 2007இல் திடீரென்று விலகுவதாக அறிவித்தபோது அவர் உடல்நிலையைப் பற்றிப் பேசவில்லை. புது மருந்து கிடைத்துத் தேறினார். 2012இல் மீண்டும் பிரதமரானார். 2020 ஆகஸ்டில் நோய் திரும்பியபோது, நாடே பார்த்துக்கொண்டிருக்க, நோயின் பெயரைச் சொல்லியே விலகினார். அந்த இரண்டாவது அறிவிப்பைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

எனக்கு அந்தத் துணிவு ஒரு பஸ்ஸில் வந்தது. ஆறு ஆண்டுகள், வெளியூர் போவதென்றால் முதல் நாள் இரவே பட்டினி கிடப்பேன். அப்படியும் ஒருநாள், திருச்சியிலிருந்து சென்னை போகும்போது, விக்கிரவாண்டி தாண்டியதும் வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது. முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைல்கல்லை எண்ணினேன். கை வியர்த்து வழுக்கியது. எழுந்து போய் நடத்துநரிடம் சொல்லிவிட்டேன்: “எனக்குக் குடலில் நோய். அடக்க முடியாது.” அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒற்றை விசில். பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டி நின்றது. திரும்பி வந்தபோது பஸ்ஸில் யாரும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்து இருக்கை அம்மாள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினார். இரட்டை விசில் கேட்டது, வண்டி கிளம்பியது. ஆறு ஆண்டுகளாக நான் பயந்துகொண்டிருந்தது இவர்களுக்குத்தானா என்று எனக்கு அழுகை வந்தது.

எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் நோய் வந்தது. உங்கள் சங்கடம் என்னுடையதைவிடப் பெரியது, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லுங்கள். ஞாயிறு அன்று ‘இருவரும் தனியாகப் பேசட்டும்’ என்று பத்து நிமிடம் விடுவார்கள். அப்போது சொல்லுங்கள். இது தொற்றாது. தினமும் மாத்திரை வேண்டும். சில மாதங்கள் நன்றாக இருப்பேன், சில மாதங்கள் கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும். நோய் வந்து எட்டு ஆண்டானால், புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க அவ்வப்போது கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ள வேண்டும். குழந்தை பெற்றுக்கொள்ளலாம், நோய் அடங்கியிருக்கும்போது கருவுற்றால் நல்லது. இந்நோய் உள்ளவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. கருத்தரிக்கும் முன் எந்த மருந்தைத் தொடர்வது, எதை மாற்றுவது என்று மருத்துவர் சொல்வார். இவ்வளவுதான். மூன்று நிமிடம் போதும். வேண்டாம் என்று அவர் போய்விட்டால் இரண்டு நாள் அழுவீர்கள். அழுதுவிடுங்கள், சொன்னதற்காக மட்டும் வருந்தாதீர்கள்.

அம்மாவைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். மகள் வாழ்க்கை ஒரு சொல்லில் கெட்டுவிடுமோ என்ற பயம் அவருக்கு. மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். மூன்று ஆண்டுகளாக உங்களிடம் கேட்கக் கூசி அவர் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்விகளை அங்கே அவரே கேட்கட்டும்.